கராஜில் மிளகாய் வறுத்தல் குறித்து ஓர் அறிவித்தல்

செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவது சிவசோதியின் வேலை. வறுப்பது அவர் மனைவி இராஜேஸ்வரியின் வேலை. கல்யாணம் முடித்த காலத்திலிருந்து இந்தப் பங்கீடு மாறவில்லை. யாழ்ப்பாணத்தில் கல்விக் கந்தோரில் கிளாக்கராக இருந்தபோதும் கிள்ளினார். சிட்னிக்கு வந்து ஓர் ஆஸ்பத்திரியின் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிய வருடங்களிலும் கிள்ளினார். இப்போது ஓய்வுபெற்று, வெஸ்ட்மீட் அடுக்குமாடி யூனிற்றின் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, விரல் நுனி எரிய எரியக் கிள்ளுகிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் கிள்ளுவதும் இடையிடையே பேனையை எடுத்து எழுதுவதுமாக இருந்தார். எழுதியது இதுதான்: கராஜில் மிளகாய் வறுக்கக் கூடாது.

யூனிற்றுக்குள் வறுத்தால் ஸ்மோக் அலாரம் கத்தும். அதனால் இராஜேஸ்வரி காஸ் அடுப்பையும் தாச்சியையும் கீழே கார் நிறுத்தும் பொதுக் கராஜுக்குக் கொண்டுபோய்விடுவாள். அவள் கறித்தூளை நம்பி மகள் கௌசிகாவின் வீடும், பக்கத்துத் தெருவில் விசாவுக்குக் காத்திருக்கும் பொடியன்களின் வீடும் இருந்தன. போன கிழமை மழை. கதவை முக்கால்வாசி இறக்கிவிட்டு வறுத்தாள். மல்லி, சீரகம், கறிவேப்பிலை வரைக்கும் கட்டடம் பொறுத்துக்கொண்டது. மிளகாய் விழுந்ததும் காரம் படியேறியது. முதல் மாடிக் குழந்தை இருமி இருமி அழுதது. இரண்டாம் மாடி ஹெலன் தும்மியபடியே தீயணைப்புப் படைக்குப் போன் அடித்தார். முகமூடியோடு உள்ளே பாய்ந்த வீரர்கள், அகப்பையும் கையுமாய் நின்ற ஒரு பெண்ணைக் கண்டார்கள். அவள் அவர்களிடம் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டாள்.

ஹெலன் யூனிற் கமிற்றியின் தலைவி, சிவசோதி செயலாளர். ஹெலன் நல்ல மனுசி. ஆளைக் குறிப்பிடாமல் பொதுவாக ஓர் அறிவித்தல் எழுதிக் கீழே ஒட்டிவிடுங்கள், எங்களுக்குள் உங்கள் ஆங்கிலம்தான் திறம் என்று சொல்லிவிட்டார்.

ஆங்கிலச் சொற்களை நிறுத்துப் பார்க்கும் பழக்கம் சிவசோதிக்குக் கந்தோரில் வந்தது. முதலில் 'ப்ரொஹிபிட்டட்' என்று எழுதினார். அதில் பொலிஸ் வாடை அடித்தது. தண்டவாளத்தைக் கடக்கிறவனுக்குச் சொல்லும் சொல். வெட்டினார். 'ஃபொர்பிடன்' கடவுள் ஆதாமுக்குச் சொன்னது, கராஜுக்குப் பாரம் அதிகம். 'பேன்ட்' என்பது அரசாங்கம் இயக்கங்களுக்குப் போடுகிற தடை, அதை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. 'நொட் அலவ்ட்' பள்ளிக்கூடப் பிள்ளைக்கு. கடைசியில் 'நொட் பெர்மிட்டட்'டில் வந்து நின்றார். அதில் ஒரு மரியாதை இருந்தது. எங்கேயோ ஒரு மேசையில் அனுமதி கொடுக்கக்கூடிய ஒருவர் இருக்கிறார், இன்றைக்கு அவர் லீவு, அவ்வளவுதான் என்பதுபோல.

முந்தின நாளே, மனதில் இருந்த இரண்டு சொற்களைத் தொலைபேசியில் மகளுக்கு வாசித்துக் காட்டி யோசனை கேட்டிருந்தார்.

"அப்பா, ஜஸ்ட் டெல் ஹெர் நோ," என்றாள் கௌசிகா.

"நீ சொல்லன், பிள்ளை."

"ஷீ இஸ் யுவர் வைஃப்."

சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார். சிவசோதியின் அகராதியில் மறுப்புக்கு இருந்த ஒரே சொல் 'பாப்பம்', அதாவது பார்ப்போம். தம்பிமார் காணியை விற்கக் கேட்டபோது பாப்பம் என்றார், காணி போயிற்று. கௌசிகா பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தோடு கான்பராவுக்குப் போகக் கேட்டபோதும் பாப்பம்தான், அவள் போய்வந்து படம் காட்டினாள். கந்தோரில் அவர் எழுதும் மறுப்புக் கடிதத்தை வாங்கியவன், காரியம் சரிவந்துவிட்டதென்று நன்றி சொல்ல வருவான். இராஜேஸ்வரிக்கோ அவர் அந்தப் பாப்பத்தைக்கூடச் சொன்னதில்லை.

இப்போது அவள் குசினியிலிருந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"என்னப்பா, வெட்டி வெட்டி எழுதுறியள். ஆரின்ரை மரண அறிவித்தல்?"

"கராஜுக்கு."

"கராஜ் செத்துப்போச்சோ?" கடதாசியை எடுத்துத் தூரப் பிடித்து வாசித்தாள். அதில் அவருடைய மிளகாய்க் கைரேகை பட்டிருந்தது. "நொட் பெர்மிட்டட். ஆர் பெர்மிட் பண்ணேல்லை?"

"கமிற்றி."

"கமிற்றி எண்டால்?"

"ஹெலன். மற்றது மூண்டாம் நம்பர்க்காரர். பிறகு..."

"பிறகு நீங்கள்."

"ஓம்."

"அப்ப இந்த வசனத்திலை நீங்கள் எங்கை நிக்கிறியள்?" முன்னால் வந்து கதிரையை இழுத்து இருந்தாள். "சுவர் எனக்குச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் வாயாலை சொல்லுங்கோ. கேக்கிறன்."

சிவசோதி சிவந்த விரல்களைப் பார்த்தார். ஆங்கிலத்தில் அத்தனை சொற்களை வெட்டியவருக்குத் தமிழில் வெட்டுவதற்குக்கூட ஒன்று கிடைக்கவில்லை. கடைசியில், கிடைத்ததைச் சொன்னார்.

"கராஜிலை வறுக்க வேண்டாம், ராசேஸ். அந்தக் குழந்தைக்கு மூச்சு முட்டிப்போட்டுது."

வீடு இடிந்து விழவில்லை. இராஜேஸ்வரி கடதாசியை மடித்து அவர் பக்கம் தள்ளினாள்.

"இவ்வளவுதானே. வாய் இருக்கிற மனுசன். எனக்கும் அந்தப் பிள்ளையை நினைச்சால் ஒரு மாதிரித்தான் கிடந்தது. சரி, அப்ப தூளுக்கு?"

அவருக்கு உடம்பெல்லாம் ஒரு தைரியம் பரவியது. அந்தத் தைரியத்தில்தான் பிழைவிட்டார்.

"மெரிலேண்ட்ஸ் கடையிலை பக்கெற்றிலை நல்ல தூள் விக்கினமாம். வாங்குவம்."

சொல்லி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது.

"பக்கெற்றிலை," என்றாள் இராஜேஸ்வரி. குரல் ஏறவில்லை.

"இல்லை, சும்மா சொன்னனான். கௌசிகாவின்ரை வீட்டுப் பின்வளவு கிடக்குதெல்லோ. அங்கை ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை. அடுப்பையும் தாச்சியையும் நானே காரிலை ஏத்துறன். வாற சனி போவமோ?"

அவள் எழுந்தாள். அவர் காலையிலிருந்து கிள்ளிய மிளகாயையும் இன்னும் கிள்ளாத மிளகாயையும் ஒரே சுளகில் வாரிக் கொட்டினாள்.

"என்ன ராசேஸ், போவமோ?"

ஒரு பாப்பமாவது வரும் என்று சிவசோதி காத்திருந்தார். இராஜேஸ்வரி சுளகை இடுப்பில் அணைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.