மாத்தளை என்ற விடை

இலங்கையில் யுத்தம் உச்சத்தில் இருந்த நாட்களில், சனிக்கிழமை மாலையானால் மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த இன்டர்நெட் கடையில் போய் உட்காருவேன். பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள் சேர்ந்து நடத்திய ஒரு பொது அறிவுக் குழுவில் கேள்விகளுக்கு விடை எழுதுவதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு.

ஒருநாள், சீகிரியா மலைக்கோட்டை எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார்கள். எல்லோருக்கும் முந்தி "மாத்தளை" என்று எழுதினேன். பிழையாம்! கேள்வி கேட்டவர் கனடாவில் குடியேறிய யாழ்ப்பாணத்துக்காரர். அநுராதபுரம்தான் சரி என்று அடித்துச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் மாத்தளையிலதாங்க பொறந்து வளர்ந்தேன். எங்க மாவட்டத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்று எழுதினேன்.

"மாத்தளையில தமிழ் ஆக்களும் இருக்கினமோ?" என்று பதில் வந்தது.

அதன்பிறகு சீகிரியாவை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நான் இந்தியாவிலிருந்து எழுதுகிறேனா, என் தமிழ் ஏன் இப்படி இருக்கிறது என்று ஆளாளுக்கு என்னை விசாரிக்கத் தொடங்கினார்கள். தாத்தாவின் தாத்தா காலத்திலிருந்து இந்த மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறோம். அது மட்டும் இவர்களுடைய பொது அறிவில் சேரவில்லை.

கணினியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். சந்தியில் சோதனைச் சாவடி. பொலிஸ்காரர் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்த ஊர் என்று சிங்களத்தில் கேட்டார்.

"மாத்தளை" என்றேன்.

"அது இருக்கட்டும், உண்மையான ஊர் எது?" என்றார்.