பனிக்காட்டில் ஒரு கற்பூரக் கட்டி

போன சனிக்கிழமை நான் காட்டுக்குப் போனேன். சிரிக்காதீர்கள். ஒக்டோபரிலேயே ஹீட்டரைப் போட்டு, மார்ச் வரைக்கும் அதன் பக்கத்திலேயே குந்தியிருக்கும் அதே ஆள்தான்.

காரணம், என் மனைவியின் தம்பி குகன். அவன் வேலை செய்யும் இன்சூரன்ஸ் ஒபிசிலிருந்து மாசி மாதம் ஒரு குழு நோர்வே போகிறது. பனியில் வண்டி இழுத்து, கூடாரம் அடித்து, அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் போல ஒரு கிழமை வாழ்வார்களாம். வீட்டில் ஹீட்டர் கொஞ்சம் மக்கர் பண்ணினாலே கவுன்சிலுக்கு போன் போடுகிற ஊர் இந்த லண்டன். அதே ஆட்கள் நடுங்குவதற்கு லீவு எடுக்கிறார்கள்!

குழுத் தலைவராக விரும்புகிறவர் முதலில் லண்டனுக்கு வெளியே ஒரு காட்டில் தீக்குச்சி இல்லாமல் தீ மூட்டிக் காட்டி, சான்றிதழ் வாங்க வேண்டும். தலைவரானால் மனேஜர் கதிரையும் கிட்ட வந்துவிடும் என்பது குகனின் நம்பிக்கை. ஒபிஸ் முழுக்கச் சொல்லியும் விட்டான்.

ஜோடியாகத்தான் வர வேண்டும் என்பது விதி. அவன் மனைவியோ, "குளிர் வேணுமெண்டால் நான் ஃப்ரிட்ஜைத் திறந்து பாக்கிறன்" என்றுவிட்டாள். மிஞ்சியது நான்.

"அத்தான், நீங்கள் வாயே திறக்கத் தேவையில்லை. கதையெல்லாம் நான் பாத்துக்கொள்ளுறன்."

அதை நம்பித்தான் போனேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவன் நான். நாலு வெள்ளைக்காரர் முன்னால் பேசச் சொன்னால்... உறைவதற்குப் பனியே தேவையில்லை.

புறப்படும்போது மனைவி ஒரு கற்பூரக் கட்டியை என் ஜக்கெற் பைக்குள் திணித்தாள். "கார் நிப்பாட்டின இடத்தில கொளுத்திக் கும்பிட்டிட்டு உள்ள போங்கோ." அங்கே போனால் குகனின் ஒபிஸ்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். எனக்கு வெட்கம். கற்பூரம் பைக்குள்ளேயே இருந்துவிட்டது.

பயிற்சியாளர் மார்கரெட் என்றொரு அம்மா. உரசினால் பொறி பறக்கும் இரும்புத் துண்டு ஒன்று, கொஞ்சம் பேர்ச் மரப்பட்டை — அவ்வளவுதான் தந்தார். மற்றவர்களின் தீ எரிந்தது. குகன் உரசினான்... உரசினான்... ஈரப் பட்டை புகையக்கூட இல்லை. இமயமலை ஏறுவதற்கென்றே தைத்த ஜக்கெற்றுக்குள் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"இன்னும் பத்து நிமிடம்" என்றார் மார்கரெட்.

"அத்தான், என்ர மானம் போகப்போகுது. ஏதாவது செய்யுங்கோ!"

"நான் என்னத்தைச் செய்யிறது? என்னட்டைக் கிடக்கிறது உன்ர அக்கா தந்த கற்பூரம்தான்."

"ஐயோ, அதை முதல்லையே சொல்லியிருக்கலாமே! கெதியா எடுங்கோ."

பொடியாக்கிப் பட்டைக்கு அடியில் தூவினான். ஒரே உரசல். குப்பென்று பற்றியது!

மார்கரெட் வந்தார். மூக்கை உறிஞ்சினார். "எப்படி மூட்டினீர்கள்?"

"பேர்ச் பட்டைதான். இரும்பைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அதுதான் சூட்சுமம்" என்று குகன் நல்ல இங்கிலீஷில் விளக்கினான். விளக்கிக்கொண்டே... அவனுடைய இரண்டு கைகளும் தீயின் மேல் போய், திரும்பி வந்து கண்களில் ஒற்றிக்கொண்டன. அவனுக்குத் தெரியாமலேயே! சும்மா சொல்லக்கூடாது, என் கைகளும்தான்.

மார்கரெட் சிரித்துவிட்டார். "என் வீடு லூயிஷாமில், உங்கள் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. தேர் வரும்போது எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள். என்ன போட்டீர்கள்?"

கேட்டது குகனை அல்ல. என்னை.

வாய் திறக்காதே என்று குகன் கண்ணால் கெஞ்சினான். ஆனால், கற்பூர வாசம் மூக்கில் ஏறியிருக்கும்போது எப்படிப் பொய் சொல்வது?

"கேம்ஃபர்... மை வைஃப் கிவ்."

அன்று முழுக்க நான் பேசிய இங்கிலீஷ் இந்த நாலு வார்த்தைதான்.

"ஈரத்திலும் பற்றுகிற ஒன்றைப் பையில் கொண்டுவந்தவர் இங்கே இவர் ஒருவர்தான்" என்று மார்கரெட் சான்றிதழை என் பெயருக்கு எழுதினார். குகனை அடுத்த வருடம் வரச் சொன்னார்.

இல்ஃபோர்டில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் குகன் வெடித்தான். "அக்கா, உங்கட கற்பூரத்தால என்ர நோர்வே போச்சு! தலைவரா இல்லாமல் எந்த முகத்தோட போறது?"

"நான் கும்பிடத்தானே குடுத்தனான். நீயும் கும்பிட்டிருக்கிறாய். பாத்தியே, ஒரு கிழமை பனிக்குள்ள விறைக்காமல் காப்பாத்திப்போட்டுது" என்றாள் அவள்.

ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அது. கடும் குளிரில் உயிர் பிழைக்கத் தகுதியானவனாம்.

ஹீட்டருக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.