சிவப்புப் புள்ளித் தொட்டிகள்

அப்போது நான் பெங்களூர் ஆஸ்டின் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஓர் ஆராய்ச்சி நிலையத்துத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தொண்ணூற்றாறோ தொண்ணூற்றேழோ இருக்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், சருகு கூட்ட வேண்டும். யாரோடும் அதிகம் பேச மாட்டேன். ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவேன், அவ்வளவுதான்.

அந்த வருஷம் தூத்துக்குடிப் பெண் ஒருத்தி அங்கே படிக்க வந்தாள். நாற்பது தொட்டிகளில் மஞ்சள் பூ பூக்கும் ஒரு காட்டுப்பூண்டை விதைத்தாள். அதற்கு அவள் சொன்ன பேர் என் வாயில் நுழையவில்லை. வெள்ளைப் புள்ளி வைத்த தொட்டிகளில் இருந்தது கரையில் எடுத்த விதை. சிவப்புப் புள்ளித் தொட்டிகளில், கரைக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் ஒரு தீவில் எடுத்த விதை. ஒரே பூண்டுதான். ஆனால் கரையில் முழங்கால் உயரம் நிற்பது தீவில் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்குமாம்.

நான் கேட்காமலே அவள் எனக்கு விளக்கிச் சொன்னாள்.

"தீவுல காத்து பேய் மாதிரி அடிக்கும்க்கா. நிமிந்து நின்னதெல்லாம் ஒடிஞ்சிருக்கும். படுத்துக் கெடந்தது தப்பிச்சு விதை போட்டிருக்கும். அப்படியே தலைமுறை தலைமுறையா போயி, குட்டைத்தனம் விதைக்குள்ளயே ஏறிட்டுன்னு நெனைக்கேன். எங்க சாரு, அதெல்லாம் இல்ல, அங்க மண்ணு சரியில்ல, அவ்வளவுதாங்காரு. அதான் இங்க எல்லாத்துக்கும் ஒரே மண்ணு, ஒரே தண்ணி. தொட்டிக்கு ஒரு மக்கு தண்ணி. கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம். சரியாக்கா?"

தலையை ஆட்டினேன்.

ஒரு மாதத்தில் வெள்ளைப் புள்ளிச் செடிகள் கிடுகிடுவென்று கிளம்பின. சிவப்புப் புள்ளிச் செடிகள் மண்ணைக் கட்டிக்கொண்டு சவலைப் பிள்ளை மாதிரிக் கிடந்தன. தோட்ட மேஸ்திரி வேறு, "இன்னாம்மா, இதுங்களுக்கு நீ சோறு போட்றதே இல்லியா?" என்று சிரித்தார். எனக்கு அது சுருக்கென்றது. என் பிள்ளைகளிலும் இளைத்தவனுக்குத்தான் ஒரு கரண்டி கூடப் போடுவேன். மறுநாளிலிருந்து வீட்டுக் கழனித்தண்ணியில் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, பாட்டிலில் கொண்டுபோய், காலையில் யாரும் வருவதற்கு முன்னால் சிவப்புப் புள்ளித் தொட்டிகளுக்கு மட்டும் ஊற்றினேன். தண்ணீர் ஒரு மக்குதானே, அதை மீறவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

செடிகள் தேறின. இலை கறுத்து, தண்டு தடித்து, தலையைத் தூக்கின. எனக்கு ஒரே பெருமை.

கடைசியாக அளக்கும் நாளன்று அந்தப் பெண் ஸ்கேலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து எழுதிக்கொண்டே போனாள். நாற்பதும் முடிந்ததும் குழாயடித் திட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"பரவால்லியே மேடம், உங்க குட்டைங்கல்லாம் பெங்களூர் தண்ணி குடிச்சு ஜம்முனு ஆயிட்ச்சிங்க" என்றார் மேஸ்திரி.

அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "சார் சொன்னதுதான்க்கா சரி. விதையில ஒண்ணும் இல்ல. நல்ல மண்ணு கெடைச்சதும் வளந்துட்டு. ரெண்டு வருஷமா தப்பா நெனைச்சிட்டேன்" என்றாள்.

சொல்லியிருக்க வேண்டியது அப்போதுதான். பாட்டில் என் பைக்குள்ளேயே இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. மேஸ்திரி நிற்கிறார், வேலை போய்விடும் என்று நினைத்தேனா, வெட்கம்தானா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டினேன்.

அவள் அந்த ஆராய்ச்சியை விட்டுவிட்டாள். ஊருக்குக் கிளம்பும்போது, மிஞ்சிய விதைகளை இரண்டு பொட்டலமாக என் கையில் கொடுத்தாள். "ஒரு ஞாபகத்துக்கு வச்சுக்கோங்க. நீங்கதான் நல்லா பாத்துக்கிட்டீங்க" என்றாள். பொட்டலத்தின் மேல் அவள் வீட்டு டெலிபோன் நம்பர் இருந்தது.

மழை வந்ததும் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு எண்ணெய் டின்களில் விதைத்தேன். ஒரே மண், ஆளுக்கு ஒரு மக்கு தண்ணீர். வேறு எதுவும் போடவில்லை. கரைச் செடி முழங்காலைத் தொட்டது. தீவுச் செடி படுத்தே கிடந்தது. அதன் விதையை எடுத்து மறு வருஷம் விதைத்தேன். பெங்களூரில் பிறந்து, கடற்காற்றையே அறியாத அந்தச் செடியும் படுத்துத்தான் கிடந்தது. அந்தப் பெண் நினைத்ததுதான் சரி.

மூலை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அந்த நம்பரைப் போடச் சொன்னேன். அவளேதான் எடுத்தாள். "ஹலோ, யாருங்க பேசுறது?" என்று இரண்டு தரம் கேட்டாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். அடுத்த தடவை தைரியம் வந்து பூத்துக்குப் போனபோது நம்பர் மாறியிருந்தது.

இப்போதும் வருஷா வருஷம் விதைக்கிறேன். டின்னுக்கு ஒரு மக்கு. கழனித்தண்ணியைக் கீழே சாக்கடையில் ஊற்றிவிட்டுத்தான் மாடி ஏறுகிறேன்.