வேலப்பன்சாவடியிலிருந்து ஆவடிக்கு: கொடுத்த வாக்கை மீறப் போன வழி

இந்தப் பதிவில் மலை இல்லை. அருவி இல்லை. பதினேழு கிலோமீட்டர், இரண்டு மணி ஐந்து நிமிடம். ஒரு ஷேர் ஆட்டோ, ஒரு பேருந்து, ஒரு ஆட்டோ. சென்னையின் மேற்குப் புறநகரில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் இப்படிப் போய்வருகிறார்கள். நான் போனது ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம். ஒரு பெண்ணிடம் கொடுத்த வாக்கை மீறப்போகிறேன் என்று அவளிடமே சொல்லப் போனேன்.

அவளை யாழினி என்று எழுதுகிறேன். அவள் பெயர் அதுவல்ல. வெளியிடும் முன் அவளும் அவள் அம்மாவும் இதைப் படித்துவிட்டார்கள். இரண்டு இடங்களில் அவள் பேனாவால் அடித்திருக்கிறாள். அங்கே வெற்றிடம் விட்டிருக்கிறேன்.

ஊர் சுற்றி எழுதுவது என் பழக்கம் என்பது இங்கே வருகிறவர்களுக்குத் தெரியும். குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் மனநல ஆலோசனை சொல்லப் படிக்கிறேன் என்பது தெரியாது. ஓராண்டுப் படிப்பு. சனிக்கிழமைகளில் வேலப்பன்சாவடியில் வகுப்பு. புதன்கிழமைகளில் ஆவடியில் ஒரு பள்ளியில் நேரடிப் பயிற்சி.

காலைப் பயணம் எளிது. நான் குடியிருக்கும் மேனாம்பேட்டிலிருந்து வானகரம் வரை ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். அங்கிருந்து நெடுஞ்சாலையில் எந்தப் பேருந்தும் போகும். என்னோடு வகுப்புத் தோழி தேவகி வருவாள். மேனாம்பேட்டுக்காரி. அவள் வீட்டார் அங்கே நெல் விளைத்தவர்கள். அந்த நிலத்தில் இப்போது மூன்று மாடி வாடகைக் குடியிருப்புகள். அவள் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். என் வயதுதான், இருபத்தொன்பது. ஆட்டோவில் எனக்குத் தூக்கம் வரும். அவளுக்குப் பேச்சு வரும்.

வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. மூன்று நாற்காலி. ஒருவர் ஆலோசகர், ஒருவர் குழந்தை, ஒருவர் கையில் தாளோடு பார்த்துக்கொண்டிருப்பவர். இருபது நிமிடம். தாளில் முதல் கட்டம் எப்போதும் ஒன்றுதான்: முதல் வாக்கியம் சொல்லப்பட்டதா?

முதல் வாக்கியம் என்பது இது. ‘நீ சொல்வது நமக்குள் இருக்கும். ஆனால் உனக்கோ மற்றவர்க்கோ ஆபத்து என்று தெரிந்தால், சொல்லவேண்டியவர்களிடம் சொல்வேன். அதற்கு முன் உன்னிடம் சொல்வேன்.’ குழந்தை வாய் திறப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அது பிடிக்காது. வீட்டுக்குள் அழைக்கும்போதே பூட்டைக் காட்டுவது போல.

யாழினிக்குப் பதினான்கு வயது. பத்தாம் வகுப்பு. அப்பாவுக்குத் திருச்சி தொழிற்சாலையிலிருந்து ஆவடித் தொழிற்சாலைக்கு மாற்றல். குவார்ட்டர்ஸ் வீடு. வகுப்பில் அவள் பேசுவதே இல்லை என்று ஆசிரியை அனுப்பிவைத்தார். முதல் புதன், முப்பது நிமிடம், ஒரு சொல் இல்லை. அப்படி இருப்பவளிடம் ஆபத்து, சொல்லவேண்டியவர் என்றெல்லாம் ஆரம்பிக்க மனம் வரவில்லை. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். இரண்டாம் புதனும் அப்படியே.

மூன்றாம் புதன் அவள் கேட்டாள். “அக்கா, நீங்க ஊர் ஊராப் போய் எழுதுவீங்களாமே. இங்கேருந்து திருச்சிக்கு எப்படிப் போறது?”

மூன்று வாரத்தில் முதல் கேள்வி. அதுவும் என் துறை. நான் பறந்தேன். ஆவடியில் எந்த நடைமேடை, எந்த நேரத்து மின்சார ரயிலில் கூட்டம் குறைவு, எங்கே மாற வேண்டும், எழும்பூரில் எந்தப் படிக்கட்டு, எந்தப் பக்க ஜன்னலில் காவிரி. ஒரு தாளில் வரைந்துகூடக் கொடுத்தேன். அவள் கண்கள் எழுந்து என் பென்சிலோடு நகர்ந்தன. பழைய பள்ளி பற்றிச் சொன்னாள். அங்கே வேப்பமரத்தடியில் மிதிவண்டி நிறுத்துவார்களாம். மணி அடித்ததும், “திங்கக்கிழமை காலைல போயிருவேன். யார்ட்டயும் சொல்லமாட்டீங்கல்ல?” என்றாள்.

சொல்லமாட்டேன் என்றேன்.

அன்று குறிப்பேட்டில் எழுதியது: பேசத் தொடங்கிவிட்டாள். பயணக் கனவுகள். நல்ல அறிகுறி.

சனிக்கிழமை. பன்னிரண்டே கால் மணி. மூன்று நாற்காலிப் பயிற்சியில் நான் குழந்தை. யாழினியை மனதில் வைத்து நடித்தேன், பெயர் சொல்லாமல். தேவகி ஆலோசகர். அவளும் முதல் வாக்கியத்தை விட்டுவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். விடவில்லை. நான் திருச்சிக்கு வழி கேட்டேன். அவள் வழி சொல்லவில்லை.

“எதுக்குப் போற?”

யாழினியிடம் நான் அதைக் கேட்கவே இல்லை.

“என்னிக்கிப் போற?”

திங்கள்கிழமை என்றேன்.

“உன்கூட யார் வராங்க?”

யாரும் இல்லை என்று சொல்லும்போது என் குரல் என் குரலாக இல்லை. தேவகி நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, நடிப்பை விட்டுவிட்டு, என்னையே பார்த்தாள்.

“இது நெஜமா ஒரு பொண்ணு சொன்னதா?”

தலையாட்டினேன். வழி சொன்னதையும் சொன்னேன்.

“இன்னாம்மா நீ. பொண்ணு ஊட்ட விட்டுப் போறேன்னு சொல்லுது. நீ எந்தப் பிளாட்பாரம்னு சொல்லிகினு கீற.”

யாரும் சிரிக்கவில்லை.

பயிற்சியாளரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. உடனே பள்ளியை அழைத்து, சிறப்பு வகுப்பு மூன்றரைக்கு முடிந்ததும் அந்த மாணவியை நூலக அறையில் இருக்கவைக்கும்படியும், அம்மாவை நான்கரைக்கு வரச்சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார். காரணம் சொல்லவில்லை. பிறகு என்னிடம், “அம்மா வருவதற்கு முன் நீங்கள் அவளிடம் இருக்க வேண்டும்” என்றார்.

ஒன்று ஐந்துக்குக் கிளம்பினேன்.

வேலப்பன்சாவடி நிறுத்தத்தில் நிழல் கிடையாது. பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ, ஐந்து கிலோமீட்டர், இருபது ரூபாய். ஓட்டுநர், “ஒரு சீட்டுதான் கீது மேடம், முன்னாடி குந்திக்கோ” என்றார். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். “பத்து நிமிசம். சிக்னல்ல மாட்டினா நம்ம கைல இல்ல.” மாட்டினோம். இருபத்திரண்டு நிமிடம். என் காலருகில் யாரோ வாங்கிய வெங்காய மூட்டை. ஆடிக்காற்றில் அதன் சருகுகள் ஒவ்வொன்றாகப் பறந்து சாலைக்குப் போயின.

பூந்தமல்லி பேருந்து நிலையம். ஒன்று முப்பது. ஆவடிப் பேருந்து வந்தது ஒன்று ஐம்பத்தைந்துக்கு. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் காசில்லை. நடத்துநர் கிழித்துக் கொடுத்த சீட்டை விரலில் சுருட்டி, பிரித்து, சுருட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பது கிலோமீட்டர். காடுவெட்டி வரை ஊர்ந்தது.

வண்டிக்குள் பாதிப் பேர் தூங்கினார்கள். நான் வாக்கியங்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். யாழினி, நான் உன்னிடம் ஒன்று. யாழினி, தப்பாக நினைக்காதே. யாழினி, உன் நல்லதுக்குத்தான். ஒவ்வொன்றையும் ஜன்னலுக்கு வெளியே விட்டேன். ஒரு வாக்கியம் எவ்வளவு சிறியது. மூன்று வாரம் முன்பு சொல்லியிருந்தால் பத்து நொடி. இப்போது அதைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம்.

பருத்திப்பட்டில் ஏரி வந்தது. வெயிலில் அது தண்ணீராகத் தெரியவில்லை. யாரோ சாலையோரம் உதறி விரித்த வெளிச்சம். நடுவில் நாரைகள், ஒவ்வொன்றும் தன்னையே ஊன்றி வைத்துக்கொண்டு. சில விநாடிகள் எதற்குப் போகிறேன் என்பதை மறந்தேன். பேருந்து நின்றிருப்பதும் ஏரி நகர்ந்துகொண்டிருப்பதும் போல இருந்தது. திங்கள்கிழமைக் காலை ஒரு பெண் இப்படித்தான் ஜன்னலில் தலை சாய்த்து எல்லாவற்றையும் மறந்திருப்பாள் என்று தோன்றியது. விழித்துக்கொண்டேன்.

ஆவடி, இரண்டு ஐம்பது. அங்கிருந்து பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோ, எண்பது ரூபாய். குவார்ட்டர்ஸ் சாலைகள் நேரானவை. இரு பக்கமும் ஒரே மஞ்சள், ஒரே ஜன்னல். தூங்குமூஞ்சி மரங்கள். வேறு ஊரிலும் இதே வீடுகள்தான், அக்கா, எண் மட்டும் மாறியிருக்கு என்று அவள் சொன்னது நினைவு வந்தது.

மூன்று பத்துக்கு நூலக அறை. மூன்று முப்பத்தைந்துக்கு அவள் வந்தாள். புதன்கிழமை இல்லையே என்ற முகம். பிறகு புரிந்துகொண்ட முகம்.

“சொல்லமாட்டேன்னு சொன்னேன்ல. சொல்லத்தான் போறேன். உங்க அம்மாகிட்ட. நீ தனியாப் போறது ஆபத்து. அதை உன்கிட்ட முதல்ல சொல்ல வந்தேன்.”

பேருந்தில் கட்டிய எதுவும் இதில் இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று முப்பத்தெட்டு. அவள் மேசையின் கீறலை நகத்தால் தொடர்ந்தாள். நான் பேசவில்லை. வகுப்பில் மௌனத்தைத் தாங்கக் கற்றுத் தருவார்கள். நாற்பது விநாடிகளில் நான் எப்போதும் தோற்பேன். அன்று மூன்று நாற்பத்தொன்பது வரை இருந்தேன்.

“அப்புறம் வழி எதுக்குச் சொன்னீங்க?”

“நீ பேசினது சந்தோஷமா இருந்துச்சு. நீ என்ன சொல்றேன்னு கேக்கல. நான் பேசிக்கிட்டே இருந்தேன்.”

அவள் அழவில்லை. பையைத் திறந்து, என் பென்சில் வரைந்த தாளை எடுத்து மேசையில் வைத்தாள். நான்காக மடித்த தாள். ரயில் நேரங்களுக்குக் கீழே அவள் கையெழுத்தில் வேறு கணக்குகள். டிபன் பாக்ஸ் எந்தப் பையில் என்பது வரை.

யார் சொல்வது என்று கேட்டேன். நான் சொல்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருங்கள் என்றாள். “நடுவுல வாய் தொறக்காதீங்க.”

நான்கரைக்கு அம்மா வந்தார்.

[ ]

ஆறு மணிக்கு மூன்று பேரும் வாசலுக்கு வந்தோம். அம்மா அவள் பையை வாங்கிக்கொண்டார். அவள் கொடுத்தாள்.

[ ]

திங்கள்கிழமை அவள் பள்ளிக்கு வந்ததாக ஆசிரியை செய்தி அனுப்பினார். புதன்கிழமை என் முன்னால் உட்கார்ந்தாள். பேசவில்லை. நான் முதல் வாக்கியத்தைச் சொன்னேன், மூன்று வாரம் தாமதமாக. இப்பவா என்பது போல் பார்த்தாள். அடுத்த புதனும் பேச்சில்லை. வரமாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

இதே படிப்புக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சேரும் முன் நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம், உங்களைக் கவனிக்க யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். வெறும் குறிப்புப் புத்தகம் தருகிற இடத்தில் சேராதீர்கள். பக்கத்தில் ஒரு தேவகி இருப்பது நல்லது. வேலப்பன்சாவடியில் மதியச் சாப்பாடு அறுபது ரூபாய்க்குக் கிடைக்கும், ஆனால் ஒரு மணிக்குப் பிறகு சாம்பார் தீர்ந்துவிடும். பூந்தமல்லி–ஆவடிப் பேருந்துக்கு இருபத்தைந்து நிமிடக் காத்திருப்பை எப்போதும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பருத்திப்பட்டு ஏரியைக் காலை எட்டுக்கு முன் பாருங்கள், நடைபாதை உண்டு. உங்களிடம் ஒரு குழந்தை வழி கேட்டால் முதலில் எதற்கு என்று கேளுங்கள். யாரோடு என்று கேளுங்கள். திருச்சி போகும் வழியை இந்தப் பதிவில் எழுதவில்லை.

காலாண்டு விடுமுறையில் அவளும் அம்மாவும் திருச்சிக்குப் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தார்கள். திரும்பி வந்த புதன், நான் வாய் திறக்கும் முன் அவளே முதல் வாக்கியத்தை ஒப்பித்தாள், என் குரலிலேயே, கொஞ்சம் மூக்கால். பிறகு நான் எடுத்துவைத்திருந்த அந்த ரயில் தாளைக் கேட்டு வாங்கி, ஓர் இடத்தில் வட்டம் போட்டாள்.

“எக்மோர்ல நீங்க சொன்ன படிக்கட்டு தப்புங்கக்கா. அது வெளிய ரோட்டுக்குப் போகுது. அம்மாதான் கையப் பிடிச்சு நிறுத்துனாங்க.”