பித்தளைக் கண்

எட்டு வயதுக்குள் எனக்கு வராத நோய் கிடையாது. ஆனால் ஒரு நாள்கூட நான் படுத்ததும் கிடையாது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் ஒத்துப்போனது.

அது ஐம்பதுகளின் கடைசி. திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, அண்ணன், நான், அத்தை. அப்பாவுக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றி உதறினால் பித்தளைத் தூள் மினுங்கிக்கொண்டு விழும். பேச்சு மட்டும் அவரிடமிருந்து அவ்வளவு எளிதில் உதிராது. அம்மா ஆத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த இந்த வீட்டில் நிமிர்ந்து பார்த்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். பருவத்துக்கு ஒரு தடவையாவது வெட்டவெளியில் கால் வைக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

இதற்குக் குறுக்கே நின்றது அத்தை. அப்பாவின் அக்கா. இருபது வயதில் புருஷனை இழந்து வந்தவள். தாயில்லாத அப்பாவைத் தூக்கி வளர்த்தவளும் அவள்தான். அதனால் அவள் சொல்வதை அப்பா மீறியதே இல்லை. முறத்தோடு அவள் உட்கார்ந்தால் அரிசியில் ஒரு கல் தப்பாது. வீட்டு மனிதர்களின் குற்றங்குறையும் அப்படியே தப்பாது.

“குடும்பத்துப் பொம்பளைக்கு ஊரு சுத்துற சோலி என்ன கெடக்கு?” என்பாள். அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் சாமி காரியம் என்றால் அத்தை தடுக்கமாட்டாள். சாமிக்கு முன்னால் அவளும் கொஞ்சம் பயந்தவள்தான்.

அம்மா அந்தச் சந்துவழியைக் கண்டுபிடித்தாள். எங்கள் பக்கத்தில் உடம்புக்கு வந்தால் சாமிக்கு நேர்ந்துகொள்வது வழக்கம். எந்த உறுப்பில் நோவோ அதைத் தகட்டில் வெட்டிக் கோயிலில் போட வேண்டும். காதுவலி என்றால் காது, கால்வலி என்றால் கால். கடையில் வாங்குவார்கள். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. பட்டறையில் கழித்துப்போட்ட பித்தளைத் தகட்டிலிருந்து அப்பாவே வெட்டிக்கொண்டு வந்துவிடுவார். மீதி வேண்டியது நோயாளி ஒன்று. அண்ணன் ஓர் இடத்தில் நிற்கமாட்டான், அவனை நோயாளி என்றால் யார் நம்புவார்கள்? நான் ஒல்லி. என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதலில் போனது என் காது. ஆடி மாதம். “பிள்ள ராத்திரியெல்லாம் காதைப் பிடிச்சுக்கிட்டு முனங்குது மதினி. கண்மாய்க்கரைக் கன்னிமாருக்கு நேந்திருக்கேன்” என்றாள் அம்மா. நான் முனங்கியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் தூக்கத்தில் நடந்தது நமக்கு எப்படித் தெரியும் என்று விட்டுவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். மேற்கேயிருந்து ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிறது. கண்மாய் வற்றி, மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. அண்ணன் ஒட்டிய காற்றாடி, விட்ட மாத்திரத்தில் பனைமரத்துக்கு மேலே போய்விட்டது. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த நூலுக்குப் பின்னால் ஓடினாள். அம்மா ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். காதுவலிக்காரியை ஆடிக் காற்றில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான். காற்றாடியின் நூலை என் கையில் கொடுத்ததும் எனக்குக் காது என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

ஐப்பசியில் நெஞ்சு போனது. இழுப்பு வருகிறதாம். மழை கொட்டித் தீர்த்து, அதே கண்மாய் நிரம்பி வழிந்தது. தண்ணீர் வெளியேறுகிற கலுங்குக் கல்லின் மேல் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, எதிரேறி வருகிற கெண்டைக்குஞ்சுகளைத் துண்டால் பிடித்தோம். இழுப்புக்காரி தலைமுதல் கால்வரை நனைந்து வீடு திரும்பினாள். ஒரு தும்மல் போடவில்லை. “சாமி கைவிடல பாருங்க மதினி” என்றாள் அம்மா.

தை மாதம் வயிறு. அறுப்பு முடிந்த வயற்காட்டைத் தாண்டி ஒரு கருப்பசாமி. வழி நெடுக இலந்தை. முள் கீறக் கீறப் பொறுக்கித் தின்றோம். இந்தத் தடவை நேர்த்திக்கடனை முடித்துவிட்டுத் திரும்பும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு வலித்தது. என் ஆயுளில் அம்மா சொன்ன நோய்களில் மெய்யாக வந்தது அது ஒன்றுதான்.

நாங்கள் கிளம்பும் நேரத்தில் அத்தை மட்டும் வாசலுக்கு வரமாட்டாள். விறுவிறுவென்று கொல்லைப்புறம் போய், பாத்திரம் துலக்குகிற கல்லின் மேல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நாங்கள் தெருமுனை திரும்பிய பிறகுதான் உள்ளே வருவாளாம். வழியனுப்புவது அத்தைக்குப் பிடிக்காது என்று நினைத்தேன். சிடுசிடுப்பான மனுஷி, நமக்கென்ன என்று நானும் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

இவ்வளவும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நோய்களை நான் நம்பித் தொலைத்ததுதான் தப்பாகப் போயிற்று. சும்மா உட்கார்ந்திருக்கும்போது விரல்விட்டு எண்ணிப் பார்ப்பேன். காது போயிற்று, நெஞ்சு போயிற்று, வயிறு போயிற்று. இப்படிச் சாமிக்குக் கொடுத்துக்கொண்டே போனால் கடைசியில் என்னிடம் என்ன மிஞ்சும்? எங்கள் தெருவில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இத்தனை நேர்த்திக்கடன் இல்லை. பெரியவர்கள் எதையோ என்னிடம் மறைக்கிறார்கள் என்று பட்டது.

பங்குனியில் ஒரு நாள், பம்பரத்துக்கு ஆணி தேடி அப்பாவின் சாமான் பெட்டியைத் திறந்தேன். அரம், சுத்தியலுக்கு அடியில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று. ஆணி இருக்கும் என்று மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு பித்தளைக் கை. ஒரு கால். ஒரு பல். மூக்கு. புருவமெல்லாம் வைத்து அழகாக வெட்டிய ஒரு கண். ஓரத்தை அரத்தால் தேய்த்து வழுவழுவென்று ஆக்கி, அடுக்கி வைத்திருந்தார்.

இந்த நோயெல்லாம் எனக்கு இன்னும் வரவே இல்லையே. இனிமேல்தான் வரப்போகிறது. அப்பாவுக்கு எல்லாம் தெரியும். மூக்கு முதற்கொண்டு தயாராக வெட்டி வைத்திருக்கிறார்.

அம்மாவிடம் போயிருக்கலாம். போகவில்லை. மறைக்கிறவர்களில் அவளும் ஒருத்தி. அந்த வீட்டில் உள்ளதை உள்ளபடி சொல்லக்கூடிய ஒரே ஆள் அத்தைதான். டப்பாவை எடுத்துக்கொண்டு போய், அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த அவள் முறத்திலேயே கவிழ்த்துவிட்டு ஓவென்று அழுதேன்.

“எனக்கு இன்னும் என்னென்ன வரப்போகுது அத்த? அப்பா எல்லாத்தையும் வெட்டி வச்சிருக்காரு. நான் செத்துப் போயிருவேனா?”

அடுப்படி நிலையில் அம்மா அகப்பையோடு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. எதையோ போட்டு உடைத்துவிட்டேன். என்ன என்று தெரியவில்லை, ஆனால் இனிமேல் காற்றாடியும் இல்லை, கலுங்கும் இல்லை, இலந்தையும் இல்லை என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து அப்பா வேலை முடிந்து உள்ளே வந்தார். முறத்தைப் பார்த்தார். சட்டையில் வைத்த கை பாதிப் பொத்தானில் நின்றுவிட்டது.

அத்தை அரிசிக்கு நடுவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தாள்.

“என்ன தம்பி இது?”

“தகடு மிச்சம் கெடந்துச்சுக்கா.”

“மிச்சத் தகட்டுல பல்லு வெட்டுவாகளா?”

அப்பா கழற்றிய பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

“இல்ல மதினி…” என்று அம்மா ஆரம்பித்தாள். அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள். என்னை இழுத்து மடியில் சாய்த்து முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“பிள்ளைய இம்புட்டுப் பயங்காட்டி வச்சிருக்கீகளே. ஏத்தா, உனக்கு ஒண்ணும் வராது. கல்லுக்குண்டாட்டம் இருக்க. செத்த நேரம் சும்மா இரு.”

திட்டு வரப்போகிறது என்று எல்லாரும் காத்திருந்தோம். அத்தையோ அந்தக் கண்ணை மட்டும் எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது எனக்கு ஆகும்” என்றாள் கடைசியில். “கொஞ்ச நாளா எனக்கும் கண்ணு மங்கலாத்தான் தெரியுது. இதுவரைக்கும் எனக்குன்னு எந்தச் சாமிக்கும் நேந்துக்கிட்டதில்ல. எங்க போகலாம், நீயே சொல்லு.”

கடைசிச் சொல் அம்மாவைப் பார்த்து. எந்தப் பருவத்துக்கும் ஒரு சாமியைக் கையிலேயே வைத்திருக்கும் அம்மா, அன்றைக்கு ஒரு சாமி பெயரும் வராமல் விழித்தாள். அகப்பையிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது.

அப்பாதான் பேசினார். “கொடைரோட்டுக்குத் தெக்க ஒரு அய்யனார் இருக்காருக்கா. கண்ணுக்கு நல்லதும்பாக. ரயில்ல போகணும். எறங்கி ரெண்டு மைலு நடக்கணும், வழியெல்லாம் தோப்பு.” அப்பா ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

சித்திரை பிறந்ததும் கிளம்பினோம். புளியோதரை, மோர், பொங்கல் வைக்கப் பானை, எல்லாம் கட்டி வாசலில் வைத்தாயிற்று. பழக்க தோஷத்தில் அத்தை கொல்லைப்புறம் போகத் திரும்பினாள். அம்மா போய் அவள் கையைப் பிடித்தாள்.

“நீங்க முன்னால போங்க மதினி. உங்க நேர்த்திக்கடன்தான?”

அத்தை கொஞ்சம் தயங்கினாள். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு வலது காலை எடுத்துவைத்து முதல் ஆளாக வாசலைத் தாண்டினாள். நாங்கள் நான்கு பேரும் பின்னால் போனோம்.

ரயிலில் ஜன்னலோரம் அவளுக்குத்தான். நான் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கண் தெரியாத மனுஷி, பாவம். என்னால் ஆன உதவியைச் செய்ய வேண்டாமா? “அத்த, அது புளியமரம். அத்த, இப்ப ஆடு மேயுது. கறுப்பு ஆடு” என்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். எல்லாவற்றுக்கும் “அப்படியாத்தா?” என்றாள். கரித்தூள் வந்து முகத்தில் அடித்தும் அவள் தலையை உள்ளே இழுக்கவில்லை.

அம்பாத்துரை தாண்டியதும் திடீரென்று என் தோளைத் தட்டினாள். “அங்க பாரு மயிலு. அந்தத் தரிசுல, கள்ளிக்கு அங்கிட்டு. மூணு நிக்குது, ஒண்ணு குஞ்சு.”

எனக்குக் கள்ளியே தெரியவில்லை. அண்ணன் எட்டிப் பார்த்து, ஆமாம், மூன்று என்றான். எனக்கு மயிர் கூச்செறிந்தது. கோயிலுக்குப் போய்ச் சேரும் முன்னாலேயே கண்ணைத் திறந்துவிட்டாரே, இவர் எவ்வளவு பெரிய அய்யனார் என்று வியந்தேன். அம்மாவிடம் சொன்னேன். அம்மா சேலையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் தோள் மட்டும் குலுங்கியது.

அன்றைக்கு அத்தை செய்ததையெல்லாம் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைத்த தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நுங்கை விரலால் நோண்டிச் சாப்பிட்டாள். எதிரே கொடைக்கானல் மலை நீலமாக எழுந்து நின்றது. அதன் இடுப்பில் தெரிகிற வெள்ளைக் கீற்று அருவியா மேகமா என்று அப்பாவோடு வழக்கடித்து, அருவிதான் என்று ஜெயித்தாள். அத்தை சிரிக்கும்போது கன்னத்தில் ஒரு குழி விழும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பொழுது சாய்ந்து நாங்கள் கிளம்பலாம் என்றபோது, “செத்த நேரம் இருங்க, போகலாம்” என்று சொன்னதும் அவள்தான்.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. பொங்கல் வைத்துத் தேங்காய் உடைத்து எல்லாம் முடிந்தும், அந்தப் பித்தளைக் கண்ணை அத்தை சாமிக்குப் போடவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“போடலையா அத்த?”

“இருக்கட்டும்த்தா. இன்னும் முழுசாத் தெளியல. நல்லாத் தெளியட்டும், போட்டுக்கிருவோம்.”

அய்யனார் கோபித்துக்கொண்டால் என்ன ஆவது என்று எனக்குக் கவலையாகப் போயிற்று. கொடுத்த பார்வையைத் திருப்பிப் பிடுங்கிவிட்டால்? அதனால் ஊருக்கு வந்தபிறகு தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் அத்தையின் முன்னால் நின்று விரலைக் காட்டிச் சோதனை செய்தேன். மூன்று விரல் காட்டினால், கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “அஞ்சா?” என்பாள். இரண்டு காட்டினால் நாலு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

அடுப்படிக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொல்வேன். “அத்தைக்கு இன்னும் சரியாகலம்மா. திரும்பவும் கூட்டிட்டுப் போகணும்.”

“ஆமாத்தா, போகணும்” என்பாள் அம்மா. “ஆடி பொறக்கட்டும்.”

நிம்மதியாகப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். அந்நேரம் அத்தை முறத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அரிசியில் ஒரு கல்லும் தப்பாமல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அதையும் தாண்டித்தான் தினமும் போனேன்.