பிரேக் மாமாவின் வலது கால்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவருக்கு ‘பிரேக் மாமா’ என்றுதான் பெயர். பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அதை வருடக்கணக்காக மிதித்து மிதித்து அவருடைய வலது கால் தனி ஆளாகவே ஆகிவிட்டது. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்தாலும் மிதிக்கும். மனைவி சாப்பாட்டில் உப்பை அள்ளிப் போட்டாலும் மிதிக்கும். வாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவர் திட்டினால் நாலு தெருவுக்குக் கேட்கும். திட்டு வாங்கியவர்களோ மறுநாளும் சிரித்துக்கொண்டே வந்து நிற்பார்கள்.

இப்பேர்ப்பட்டவருக்கு ரத்தக் கொதிப்பு என்றபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சில மாதங்களில் மனிதர் பெட்டிப்பாம்பாக அடங்கிப்போனார். உப்பே இல்லாமல் வைத்தாலும் பாதி தின்றுவிட்டு எழுந்து போனார். வீட்டில் ஒரே கொண்டாட்டம்!

“மாத்திரைன்னா இதுதான்டி மாத்திரை!” என்று மனைவி தன் தங்கையிடம் போனில் பெருமையடித்தாள். “கல்யாணம் ஆன அன்னிக்கே கரைச்சுக் குடுத்திருக்கணும்!”

தங்கை தன் வீட்டுக்காரருக்கும் வாங்கலாமா என்று மாத்திரையின் பெயரைக் கேட்டாள். அப்படி ஒரு புத்திசாலிக் குடும்பம்.

அந்தக் கொண்டாட்டத்தைக் கலைத்தது ஒரு மெத்தைக் கடை. அவரிடம் கார் பழக வந்த தையல்காரப் பெண், பதற்றத்தில் தையல் மிஷினை மிதிப்பதாகவே நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டாள். வண்டி கடை வாசலில் அடுக்கியிருந்த மெத்தைகளுக்குள் போய்ப் புதைந்தது. “மெத்தை வேணும்னா இறங்கி வந்து கேக்கக்கூடாதா?” என்றார் கடைக்காரர். யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் தையல்காரி நேராக வீட்டுக்கு ஓடி வந்தாள்.

“அக்கா, மாமா பிரேக்கே போடலக்கா. நான் கத்துறேன், அவர் பாட்டுக்கு வெளிய பாத்துக்கிட்டு இருக்கார். அப்புறமும் திட்டல.”

“திட்டலையா?”

மறுநாளே மனைவி அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். பிரஷர் முன்பைவிட ஏறியிருந்தது.

“மாத்திரை போடுறீங்களா?”

“இல்லீங்க.”

“ஏன்?”

“போட்டு என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்.”

எந்த அமைதியை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாளோ, அதற்குள் இதுதான் இருந்ததா? அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

“இது அடக்கம் இல்லம்மா, மனச்சோர்வு” என்றார் டாக்டர். “பிரஷரும் இதுவும் சேர்ந்துக்கிட்டா இதயத்துக்கு ஆபத்து. ரெண்டையும் பாக்கணும், ரெண்டுக்கும் வைத்தியம் இருக்கு.”

“எனக்கு என்னங்க குறை, சோர்ந்து போக?”

“குறை இருந்தாத்தான் வரும்னு இல்லீங்களே.”

“டாக்டர், பழையபடி திட்டச் சொல்லுங்களேன்” என்றாள் மனைவி.

“அதுக்கெல்லாம் நான் மருந்துச்சீட்டு எழுத முடியாதும்மா.”

மனநல மருத்துவரிடம் போனார்கள். பேச்சு, மருந்து, காலை நடை என்று ஆரம்பித்தது. பிரஷர் மாத்திரையை அவர் விழுங்கும்வரை அவள் எதிரிலேயே நின்றாள். அதுவும் போதாமல், தானும் கார் ஓட்டப் பழகப்போவதாக அறிவித்தாள். அவர் பக்கத்திலேயே இருக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தாலே வண்டி இடமும் வலமுமாக ஆடும். அவரோ பேசாமல் உட்கார்ந்திருப்பார். நாட்கள் அப்படியே போயின.

ஒரு காலை. வலது பக்கம் சிக்னல் போட்டுவிட்டு, அவள் இடது பக்கம் நின்ற தண்ணீர் லாரியைப் பார்த்து வண்டியைத் திருப்பினாள். ‘டக்’கென்று இறங்கியது வலது கால். வண்டி குலுங்கி நின்றது.

“கண்ணை எங்கடி வெச்சிருக்கே? மலை மாதிரி லாரி நிக்குது, உனக்கு எறும்பாட்டம் தெரியுதா? நீ லைசென்ஸ் வாங்கினேன்னா இந்த ஊரே நடந்துதான் போகணும்!”

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பின்னால் வண்டிகளின் ஹாரன் காதைப் பிளந்தது. லாரிக்காரர் எட்டிப் பார்த்து, “அழாதீங்கம்மா” என்றார்.

“அழலீங்க!” என்று கண்ணீரும் சிரிப்புமாகக் கத்தினாள் அவள். “திட்டிட்டாருங்க! என் வீட்டுக்காரர் திட்டிட்டாருங்க!”

லாரிக்காரர் விழிப்பதைப் பார்த்து மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூச்சு வாங்கும்வரை சிரித்தார். பிறகு கையை நீட்டினார்.

“மாத்திரையை எடு. கிளம்புற அவசரத்துல இன்னிக்கு நீ குடுக்கவே இல்ல.”

அவராகக் கேட்பது இதுதான் முதல் தடவை.

“என்ன திடீர்னு?”

“நாளைக்கும் உன் பக்கத்துல உக்காரணுமேடி. நெஞ்சு தாங்க வேணாமா?”