ஐந்து முறை போய் வந்த கட்டை

எனக்கு முரட்டுக் கை என்று சொன்னார்கள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு சில வருஷம் ஆம்பூரில் ஒரு செருப்புக் கம்பெனியில் வேலை செய்தேன். ரப்பர் மரத்தில் செய்த அடிக்கட்டையின் ஓரத்தில் தோல் பட்டையை வைத்து ஆணி அடிப்பது என் வேலை. ஒரு லாட் கட்டையை வண்டு துளைத்து மாவு கொட்டியது. மருந்து அடித்தால் வெளிநாட்டுக்காரன் வாங்க மாட்டான். அதனால் கதிர் பாய்ச்சிப் பூச்சியைக் கொல்ல, வெளியூரில் ஒரு கதிர்வீச்சு நிலையத்துக்கு அனுப்பினார்கள்.

திரும்பி வந்ததும் மேனேஜர் ஒரு கட்டையை மேஜையில் தட்டினார். மாவு விழுந்தது.

"பூச்சி இன்னும் சாவல. மறுபடி அனுப்பு."

பூச்சி முதல் தடவையே செத்துவிட்டது. விழுந்தது பழைய துளையில் கிடந்த பழைய மாவு. தட்டினால் விழத்தான் செய்யும். இது தெரிய படிப்பு வேண்டுமா? ஐந்து தடவை அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும், ஆஸ்பத்திரி சாமான்களில் கிருமி சாகக் கொடுக்கும் அதே பெரிய அளவுக் கதிர்.

கட்டை பழுப்பேறி வந்தது. பக்கத்து மேஜைக்காரி தொட மறுத்தாள்.

"இத்த தொட்டா கொழந்த பொறக்காதாம்க்கா."

"எனக்கு மூணு இருக்கு, அதுவே ஜாஸ்தி. இப்டி தள்ளு."

கட்டையில் கதிர் எதுவும் தங்கவில்லை. கெட்டுப்போனது மரத்தின் வலு. ஆணி வைத்து ஒரு அடி அடித்தேன், இரண்டாகப் பிளந்தது. அடுத்ததும் அப்படியே. மதியத்துக்குள் ஒரு கூடை நிறைந்தது.

மேனேஜர் வந்து பார்த்து, சேதாரக் கணக்குக் காகிதத்தை என்னிடம் நீட்டினார். "இன்னாம்மா, கையில சுத்தியா, உலக்கையா? முரட்டுத்தனமா அடிச்சு ஒடச்சேன்னு எழுதிக் கையெழுத்து போடு."

போட்டால் வேலை போய்விடும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

என் மேஜைக்கால் ஆடாமலிருக்க, முதல் தடவை லாரி போகும் முன்பே அதே லாட்டில் ஒரு கட்டையை எடுத்து அடியில் வைத்திருந்தேன். அதை உருவி, மேஜையோரத்து இடுக்கியில் மாட்டி, அவர் கண் முன்னாலேயே சுத்தியால் அடித்தேன். மூன்றாவது அடியில்தான் பிளந்தது. அப்போதும் துண்டுகள் நாரில் தொங்கின. பிறகு ஐந்து தடவை போய் வந்ததை மாட்டினேன். ஒரே அடி. ரஸ்க் மாதிரி முறிந்தது, உடைந்த இடத்தில் நாரே இல்லை.

"ரெண்டையும் ஒடச்சது இதே கைதான் சார்."

அவர் காகிதத்தைத் திரும்ப வாங்கி, காரணம் என்ற இடத்தில் 'பூச்சி' என்று தானே எழுதினார். மிச்சக் கட்டையை ஆறாவது தடவை லாரியில் ஏற்றச் சொன்னார்.

முரட்டுக் கை என்றதற்கு என்னிடம் ஒரு மன்னிப்பு? கிடையாது.